கூடையில் ஒரு வெள்ளிக் கிரகம்

முதலில் ஒரு மன்னிப்பு. பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தவள், பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். போன வாரங்களில் வீட்டைப் பற்றியும் ஷிஃப்ட்டைப் பற்றியும் எழுதியதே அதிகம். இந்த வாரம் ஒரு கிரகத்தைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது நாங்கள் செய்த பாதிக் கிரகம் மட்டும்தான்.

அந்தப் பாதிக் கிரகம் என் அப்பாவின் மடியில் இருந்தது. பூப்போட்ட பெட்ஷீட்டில் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். பக்கத்தில் நான். பின் சீட்டில் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த நாகம்மாக்கா. முன்னால் எஸ்தர் டீச்சர்.

கண்டக்டர் வந்து நின்றார். "என்ன அண்ணாச்சி, சீர்வரிசையா?"

அப்பா பெட்ஷீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நாகம்மாக்காதான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "கிரகம் தம்பி."

"எனக்கு இருக்கிற கிரகம் போதாதுன்னு நீங்க வேற ஏத்திட்டு வாரியளா? லக்கேஜ் டிக்கெட் போடணுமே."

"பாதிதான் தம்பி இருக்கு. மீதிக்குத் துணி பத்தல. அரை டிக்கெட் போடுங்க."

பஸ்ஸே சிரித்தது. எஸ்தர் டீச்சர் கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்பாவின் வலது உள்ளங்கை பெட்ஷீட்டின் மேல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி சரசு, இந்தப் பக்கம் மட்டும் சுடுதே."

"இறுகுறப்ப சூடு வரும்ப்பா. செத்த நேரத்துல ஆறிரும்."

அவர் கையை எடுக்கவில்லை. அந்தக் கைக்குக் கீழே, துணிக்குக் கீழே, எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாத ஒரு பேரை நான் அன்று காலையில் கோணி ஊசியால் கீறி வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்ஷீட்டை அவிழ்க்கும்போது அதை அவர் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம் அது. எங்கள் கம்பெனியில் மாவுக்கட்டுப் போடுகிற பேண்டேஜ் தயாராகும். கை கால் முறிந்தவர்களுக்குப் போடுகிற, பிளாஸ்டர் மாவு பூசிய வலைத்துணி. உடம்பெல்லாம் மாவு படிந்து, ஷிஃப்ட் முடிந்து வரும்போது எல்லாருக்கும் ஒரே நாளில் நரைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

எஸ்தர் டீச்சர் பெண்கள் பள்ளியில் அறிவியல் எடுத்தவர். எங்களைப் போல வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஞாயிறு மத்தியானம் தன் வீட்டு முன்னறையில் வகுப்பு நடத்தினார். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது பாதி, மீதி நேரம் உலக விஷயம். அவர் கொடுக்கிற சுக்குக் காபிக்காகவே நாகம்மாக்கா தவறாமல் வருவாள்.

ஒரு நாள் டீச்சர் ஒரு ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவந்து விரித்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு உருண்டை. உடம்பெல்லாம் வெடிப்பும் வட்டமும். "இது யாரு தெரியுதா? நீங்க முதல் ஷிஃப்ட்டுக்கு வரும்போது கிழக்கே தெரியுமே, விடிவெள்ளி. அவதான்."

அத்தனை வெளிச்சமாக இருந்தவளின் முகம் இப்படி இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. எந்நேரமும் மேகம் மூடியே இருப்பதால் கேமராவால் அதன் தரையைப் பார்க்க முடியாதாம். அமெரிக்கா அனுப்பிய விண்கலம் ரேடார் அலையை விட்டு, அது திரும்பி வருவதை வைத்துத் தடவிப் பார்க்கிற மாதிரி படம் பிடித்ததாம். இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

அங்கே ஒரு முறை சுற்றிச் சுழல எடுக்கும் நேரம், சூரியனை ஒரு முறை சுற்றி வருவதை விட அதிகம் என்றார். நாள் வருஷத்தை விட நீளம்.

"அப்ப அங்க நாள் கூலியா, வருஷக் கூலியா டீச்சர்?" என்றாள் நாகம்மாக்கா.

டீச்சர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னதுதான் எங்களை நிமிர வைத்தது. அந்தக் கிரகத்தில் கண்டுபிடிக்கிற இடத்துக்கெல்லாம் பெண்களின் பேர்தான் வைக்கிறார்களாம். ஒரே ஒரு மலைக்கு மட்டும் ஆண் பேர், அதுவும் இந்தச் சட்டம் போடுவதற்கு முன்பே வைத்தது. வடக்கே ஒரு பெரிய மேட்டு நிலம், அதற்கு லட்சுமி என்று பேர். பெரிய பள்ளங்களுக்குப் புகழ்பெற்று இறந்துபோன பெண்களின் பேர். சின்னப் பள்ளங்களுக்குச் சாதாரணப் பெண் பேர், எந்த நாட்டுப் பேரானாலும் சரி.

"சாதாரணம்னா எம்புட்டு சாதாரணம்?" என்று கேட்டது யாரென்று நினைவில்லை. எல்லாருமே கேட்க நினைத்தோம்.

"உங்க பேரு, எம் பேரு மாதிரி. அது இன்னாரோட பேருன்னு இல்ல. சும்மா பேருதான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி வரப்போகிறது, நாம் வெள்ளியைச் செய்து கொண்டுபோவோம் என்றார். அமெரிக்காவில் யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, நம்முடைய வெள்ளியில் சின்ன இடங்களுக்கு ஆளுக்கொரு பேர் வைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, உயிரோடு இல்லாதவர்களின் பேராக இருக்க வேண்டும்.

"எங்க மாமியா பேரை வைக்கணும்னா இன்னும் எம்புட்டு நாள் காத்திருக்கணும்?" என்று நாகம்மாக்கா கேட்க, டீச்சர் அவள் கையிலிருந்த காபி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

பேர் சொல்லாத வீடு

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். மரகதம்.

இப்போது எழுதுவதற்கு எத்தனை சுலபமாக இருக்கிறது.

தளவாய்புரத்தில் தறி மெக்கானிக்காக இருந்த ஒருவரை விரும்பினாள். அவர் வேதக்காரர். எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நாள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. வேதக் கோயிலில் திருமுழுக்குப் பெற்று, வேறு பேர் வைத்துக்கொண்டு, அவரைக் கட்டிக்கொண்டாள் என்று செய்தி வந்தது.

அன்று சாயங்காலம் அப்பா கொல்லையில் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். "அவளுக்கு இன்னியோட தலைமுழுகியாச்சு" என்றார். ரேஷன் கார்டில் பேரை அடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேர் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா என்னைக் கூப்பிடும்போது சில சமயம் 'ம' என்று ஆரம்பித்துவிட்டு, இருமி, 'சரசு' என்பாள்.

சில வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் அக்கா போய்விட்டாள். பிள்ளை இல்லை. சைக்கிளில் ஒருவர் வந்து வாசலில் நின்றே சொன்னார். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அப்பா, "எங்களுக்கு அன்னைக்கே முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டாவது ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார். சாவுக்குக் குளிக்கிற குளியலைக்கூடக் குளிக்கவில்லை. நாங்கள் யாரும் மண் போடப் போகவில்லை.

நாகம்மாக்காவுக்குத் தளவாய்புரத்தில் சொந்தம் உண்டு. கல்லறைச் சிலுவையில் வேதத்துப் பேர்தான் எழுதியிருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

அப்படியானால் மரகதம் என்ற பேர் எங்கேயும் இல்லை. ரேஷன் கார்டில் அடித்தாயிற்று. சிலுவையில் வேறு பேர். இருந்த ஒரே போட்டோவை அம்மா ஒரு முறை எடுத்துத் துடைத்ததற்கு அப்பா சோற்றுத் தட்டை விட்டு எழுந்துபோய், வெகு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தார்.

ஆளுக்கொரு பேர் என்று டீச்சர் சொன்னதும் எனக்கு வேறு பேரே தோன்றவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் எஸ்தர் டீச்சர் வீட்டுப் படியை இனி நான் மிதிக்க முடியாது என்பதும் கூடவே தோன்றியது. டீச்சரும் வேதக்காரர்தானே. "ஒண்ணைக் கொண்டுபோனது பத்தாதா" என்று அப்பா ஏற்கனவே முனகிக்கொண்டுதான் இருந்தார்.

மேடா, குழியா?

கல்யாண வீட்டில் சோறு கொட்டி வைக்கிற பெரிய மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்தோம். அதுதான் எங்கள் கிரகம். மாவு சரியாகப் பிடிக்காத பேண்டேஜ் ரோல்களை முதலாளி சும்மா கொடுத்தார். தண்ணீரில் முக்கி, குமிழி நின்றதும் எடுத்துப் பிழிந்து, கூடையின் மேல் சுற்றி, உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் மஞ்சளும் காவியும் கரைத்துப் பூசினோம். லட்சுமி மேட்டை மட்டும் நாகம்மாக்கா தானே கட்டினாள். "பேருக்கேத்த மாதிரி கொஞ்சம் செழிப்பா இருக்கட்டும்" என்று படத்தில் இருப்பதை விட உயர்த்திவிட்டாள்.

படத்தில் இருந்த வட்டங்களையெல்லாம் பம்மென்று வீங்கிய மேடுகளாகச் செய்து வைத்தோம். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. மாவுக்கட்டு எப்போதும் புடைத்த இடத்தின் மேல்தானே போடுவது! குழியில் போட்டு யார் பார்த்திருக்கிறோம்?

கண்காட்சிக்கு முந்தின நாள் டீச்சர் வந்து பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார். "ஐயோ, நான்தான் கவனிக்கல. இதெல்லாம் குழி. விண்கல் விழுந்து தோண்டுன குழி."

"படத்துல மேடாத்தானே இருக்கு?"

டீச்சர் பத்திரிகையைத் தலைகீழாகத் திருப்பினார். வீங்கியிருந்த வட்டங்கள் கண் முன்னால் உள்ளே போய்க் குழியாகின. மறுபடி திருப்பினார், மேடாகின. ஆளாளுக்கு வாங்கித் திருப்பிப் பார்த்தோம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று கண் நினைத்துக்கொள்கிறதோ, அதைப் பொறுத்ததாம்.

நாகம்மாக்காவுக்குத்தான் கோபம் வந்தது. அவள் தன் அம்மா பேரை வைப்பதாக இருந்தாள். "செத்தவளுக்கு ஏற்கனவே ஒரு குழி தோண்டியாச்சு டீச்சர். திரும்பியும் குழியில கொண்டு போடணுமா?"

டீச்சர் படத்தில் ஒரு வட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். மெதுவாகச் சொன்னார்: "குழியைச் சுத்திக் கரை இருக்கு பாருங்க நாகம்மா, வளையல் மாதிரி. பேரைக் கரையில எழுதிருவோம். உள்ள போட வேண்டாம்."

நாகம்மாக்கா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "கரைன்னா சரி" என்றாள்.

டம்ளரின் அடி

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கம்பெனியில் கூடினோம். மேடுகளை ரம்பத் துண்டால் அறுத்தெடுத்து, அந்த இடத்தில் ஈரப் பேண்டேஜைத் தடியாக வைத்து, எவர்சில்வர் டம்ளரின் அடியால் அழுத்தினோம். இறுகும்வரை கையை எடுக்கக் கூடாது. பிறகு கரையில் பேரைக் கோணி ஊசியால் கீற வேண்டும். இறுகிவிட்டால் அழியாது.

எல்லாரும் முடித்தார்கள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சரசு, பேர் முடிவாகலையா?" என்றார் டீச்சர்.

அப்போதுதான் மேஸ்திரி வந்து, கம்பெனி வேன் லோடுக்குப் போகிறது, பஸ்ஸில்தான் போக வேண்டும், தூக்குவதற்குத் துணிப்பொதி கட்டுகிற செக்‌ஷனிலிருந்து ஆள் அனுப்புகிறேன் என்றார். அந்த செக்‌ஷனில் வேலை பார்த்தவர் என் அப்பா. "உங்க அப்பாதான் வாராரு. வேற ஆள் இல்ல" என்றார்.

நாகம்மாக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "வேற ஏதாச்சும் பேர் எழுதிரு. ராணி, மீனா, என்னமும்" என்று காதோடு சொன்னாள்.

நான் டம்ளரை வைத்து அழுத்தினேன். கீழே மாவு மெல்லச் சூடாகத் தொடங்கியது. காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்த மாதிரி. அக்காவின் கடைசிக் காய்ச்சலை நான் தொட்டுப் பார்த்ததில்லை. டம்ளரை எடுத்தபோது வட்டம் சுத்தமாக விழுந்திருந்தது. ஊசியை எடுத்துக் கரையில் கீறினேன். ஐந்தே எழுத்துதான், கடைசியில் ஒரு புள்ளி.

வெளியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. நான்தான் பெட்ஷீட்டை எடுத்து மூடினேன்.

ஈயம் உருகும் இடம்

கண்காட்சியில் பெட்ஷீட்டை அவிழ்த்ததும் அப்பா அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

எனக்குக் கொடுத்த பாடம், வெள்ளியின் வெப்பம். நாலு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை.  பள்ளிப் பிள்ளைகள், பக்கத்துக் கோர்ட்டுக்கு வந்தவர்கள், வரிசையாக வந்தார்கள். "இங்கே ஈயம் கூட உருகிவிடும். பகலும் இரவும் ஒரே சூடு" என்று ஒப்பித்தேன். நாகம்மாக்கா தன் அம்மாவின் குழியைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் குறைந்த சமயம் அப்பா கூடையின் அருகே வந்தார். அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கடை போர்டுகளை உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதே மாதிரி ஒவ்வொரு குழியின் கரையையும் படித்துக்கொண்டே சுற்றி வந்தார். நான் அந்தப் பக்கம் ஒரு கன்னியாஸ்திரிக்கு ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என்னுடைய குழி, மற்றதைப் போலவே இன்னும் வர்ணம் பூசாமல் வெள்ளையாக. அப்பா அங்கே வந்து குனிந்தார். உதடு அசைந்தது. நின்றது.

ஆள்காட்டி விரலை நீட்டி, கீறலின் மேல் ஒரு முறை ஓட்டினார். அவ்வளவுதான். தலையைத் தூக்காமல் வெளியே போய்விட்டார்.

நாகம்மாக்கா என் முழங்கையைப் பிடித்தாள். "விடு. கேட்டா நான்தான் எழுதுனேம்னு சொல்லிருதேன்."

வெகு நேரம் கழித்து வந்தார். டீ குடித்த வாசனை. திரும்பவும் அதே சுவரோரம் நின்றார். அடுத்து வந்தவர்களுக்கு நான் வெப்பத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அதற்கடுத்து வந்தவர்களுக்குச் சொன்னபோதும்.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. லட்சுமி மேடு அளவுக்கு மீறி இருப்பதாகச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்

கிரகத்தை அந்தப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு திரும்பினோம். அப்பாவின் மடியில் மடித்த பெட்ஷீட் மட்டும் இருந்தது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வானத்தில் வெள்ளி தெரிந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நினைவில்லை. நான் வெளியில் பார்க்கவே இல்லை.

பாதி வழியில் அப்பா வாயைத் திறந்தார்.

"ஏட்டி."

"என்னப்பா?"

"ஈயம் உருகும்னியே. மெய்தானா?"

"மெய்தான்ப்பா. டீச்சர் புஸ்தகத்துல இருக்கு."

"ராவுலயாச்சும் ஆறாதா?"

"ஆறாதாம்."

"மழை கிழை?"

"பெய்யுமாம்ப்பா. ஆனா அது திராவகமாம். அதுவும் தரைக்கு வாரதுக்குள்ள ஆவியாயிருமாம்."

அவர் பெட்ஷீட்டின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சும்மா பேருதான்ப்பா, யாரோட பேரும் இல்ல என்று சொல்ல டீச்சர் சொன்ன வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன்.

"அம்புட்டுச் சூட்டுலயா கொண்டு வச்சிய?" குரல் ஒரு மாதிரி இருந்தது. "அவளுக்கு வெயில் ஆகாதே. சின்னதுல செத்த நேரம் வெயில்ல நின்னாலே மூக்குல ரத்தம் வருமே. துண்டை நனைச்சுத் தலையில போட்டுத் தூக்கிட்டு வருவேன். உங்களுக்கு வேற எடமே கிடைக்கலியா?"

தயாராக வைத்திருந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

"உயரத்துல கொஞ்சம் சூடு கம்மியாம்ப்பா," என்றேன். "லட்சுமி மேடுன்னு ஒண்ணு இருக்கு. நாகம்மாக்கா கட்டுனது. அங்க கொஞ்சம் கம்மி."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் விளக்குகள் தெரிய ஆரம்பித்த பிறகுதான் பேசினார்.

"அப்ப அங்க மாத்தி வச்சிரு."

மறுநாள் ஞாயிறு. அப்பா காலையில் தளவாய்புரம் பஸ்ஸில் ஏறிப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். வீட்டுக்குள் வராமல் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போய், அம்மாவிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, தலையோடு ஊற்றிக்கொண்டார். அதன் பிறகு உள்ளே வந்து சாப்பிட்டார்.